புல் வாங்கியவன்

எங்கள் ஆபீஸ் விதிப்படி ஒரு மனிதன் சாவதற்கும் வேளை பார்த்துத்தான் சாக வேண்டும். முந்தினாலும் பயனில்லை, பிந்தினாலும் பயனில்லை.

விளங்கும்படி சொல்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாம் வருஷம் அது. ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. இங்கே வங்காளத்தில் யுத்தகாலச் சட்டத்தைக் காட்டி, விசாரணை இல்லாமலே பையன்களைப் பிடித்து ஜெயிலில் போட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் தகப்பனோ தாயோ சாகக் கிடந்தால், பையனை ஒரு நாள் இரண்டு நாள் பரோலில் வெளியே விடும்படி சர்க்காருக்கு மனு வரும். கல்கத்தாவில் அந்த மனுக்கள் வந்து விழுகிற மேஜை என்னுடையது.

மனு வந்ததும் சிவில் சர்ஜனுக்குக் கடிதம் போகும். நோயாளி பிழைத்துக்கொள்வார் என்று அவர் எழுதினால் அவசரம் இல்லை, மனு தள்ளுபடி. பிழைக்க மாட்டார் என்று எழுதினால், காகிதம் போலீஸுக்குப் போய், அங்கிருந்து திரும்பி, துரையிடம் ஏறி இறங்க வேண்டும். அதற்குள் நோயாளி போய்விட்டால் பார்ப்பதற்கு ஆளே இல்லை, அப்போதும் மனு தள்ளுபடி. 'காரணம் ஒழிந்தது' என்று ஒரு வரி எழுதிக் கட்டிவைப்பேன். ஒன்றரை வருஷத்தில் அந்த வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதலில் மனசு உறுத்தியது. பிறகு கை மட்டும் வலித்தது. பிறகு அதுவும் இல்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பவானிபூரில் என் வீட்டு வாசலில், கொட்டுகிற மழையில், ஐம்பது வயதுக்கு ஓர் அம்மாள் சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். என் மனைவி நாகலக்ஷ்மி கதவைத் திறந்து, "உள்ளே வாங்கோ மாமி, இப்படி நனைஞ்சுண்டு நிக்கறேளே" என்றாள்.

"இருக்கட்டும்டி அம்மா, தரையெல்லாம் ஈரமாயிடும். நான் வெங்கடராமனோட அம்மா. கிடர்பூர்."

அதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. கல்கத்தாவில் நாங்கள் தமிழ்க் குடும்பங்கள் எண்ணி நூறுகூட இருக்க மாட்டோம். அதில் ஜெயிலுக்குப் போனவன் வெங்கடராமன் ஒருவன்தான். காலேஜில் கூடப் படித்த வங்காளிப் பையன் ஒருவன், இரண்டு நாளில் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு தகரப் பெட்டியை அவனிடம் வைத்துவிட்டுப் போனான். போலீஸ் வந்து திறந்தது. உள்ளே ஒரு கிழிந்த கோட்டு, அதற்கடியில் சர்க்காரைத் திட்டி அச்சடித்த நோட்டீஸ் ஒரு கட்டு. அன்றிலிருந்து எட்டு மாதமாக எங்கள் வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பொங்கல், நல்லது கெட்டது எதற்கும் அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை. எல்லாருக்கும் உத்தியோகம், எல்லாருக்கும் பயம். நானும் போகவில்லை.

அந்த அம்மாளின் பெயர் பாகீரதி. அவள் கணவர் வைத்தீஸ்வரன் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பையன் போன துக்கத்திலோ என்னவோ வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு மூன்று மாதமாகப் படுக்கை.

"நீங்கதான் அந்த ஆபீஸ்ல இருக்கேளாமே. ஒரு தடவை அவனை விடச் சொல்லுங்கோ. ஒரே பிள்ளை. அவர் வேற ஒண்ணும் கேக்கலை. வாசல்ல சத்தம் கேட்டா 'வந்துட்டானா'ங்கறார். அவ்வளவுதான்" என்றாள். அழவில்லை. பால்காரனிடம் தகவல் சொல்வதுபோல் சொன்னாள்.

என் மேஜைக்கு வரப்போகிற மனுவை நானே எழுதுவது குற்றம். இருந்தும் எழுதினேன். எட்டு மாதம் எட்டிப் பார்க்காத வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மனு எழுத என்னைவிடத் தெரிந்தவன் யார் என்ற கர்வம். இரண்டு காரணம் போட்டேன். ஒன்று, தகப்பன் மரணப் படுக்கையில் இருக்கிறார், மகனைப் பார்க்க விரும்புகிறார். இது எல்லா மனுவிலும் இருப்பது. இரண்டாவது என் சொந்தச் சரக்கு. இவன் ஒரே மகன், ஹிந்து சாஸ்திரப்படி தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும் கடமை இவனுக்கே உரியது, இவன் இல்லாவிட்டால் அந்த ஆத்மாவுக்குக் கதியில்லை என்று உருக்கமாக இங்கிலீஷில் எழுதினேன். கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவனிடம் கொடுத்து நகல் எடுக்கச் சொன்னேன். மாமி கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தடவை எல்லாம் ஆச்சரியமாக வேகமாக நடந்தது. போலீஸ் ரிப்போர்ட் நாலே நாளில் வந்தது. காவலோடு ஒரு நாள் விட ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். சிவில் சர்ஜன் மட்டும் காலை வாரினார். 'பிழைக்க மாட்டார். ஆனால் ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்' என்று எழுதிவிட்டார். ஆகவே முதல் காரணம் ஆட்டம் கண்டது. மனு என் இரண்டாவது காரணத்தின் மேல்தான் நின்றது.

புதன்கிழமை பதினொரு மணிக்குத் துரை என்னைக் கூப்பிட்டார். எங்கள் துரை கெட்டவர் அல்ல. இதை நான் சொல்லியாக வேண்டும். அவருடைய தம்பியே பிரான்ஸில் சண்டையில் இருந்தான். தபால் வருகிற நாளில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. மனுவைப் படித்துவிட்டுப் பேனாவை மையில் தோய்த்தார். தோய்த்த பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு, "மஹாதேவன், நீயும் இவர்கள் ஜாதிதானே? உங்கள் சாஸ்திரத்தில் இதற்கு வேறு வழியே கிடையாதா? மகன் வியாதியாக இருந்தால், தூர தேசத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

ஏழு வருஷமாக அந்த அறைக்குள் நான் போய் வருகிறேன். தேதி கேட்பார், நம்பர் கேட்பார், மசிப்புட்டி எங்கே என்று கேட்பார். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை அவர் கேட்டது அன்றுதான். என் அப்பா வைதிகர். பதினாலு வயது வரைக்கும் அவர் பின்னால் போய் எத்தனையோ வீட்டுக் காரியம் பார்த்தவன் நான். நாக்கு தானாகப் புரண்டது.

"இருக்கிறது சார்" என்றேன்.

சொன்னேன். விடாமல் சொன்னேன். கர்மம் செய்ய அதிகாரம் உள்ளவர் பெண்ணாகவோ குழந்தையாகவோ எழுந்திருக்க முடியாத நோயாளியாகவோ இருந்தால், ஒரு தர்ப்பைப் புல்லைக் கையில் எடுத்து வேறொருவனிடம் கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டவன் அவருக்குப் பதிலாகக் கொள்ளி வைத்துப் பத்து நாள் காரியமும் செய்யலாம். பலன் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் இதைப் புல் வாங்கிச் செய்வது என்பார்கள். துரை கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். நான் புல்லின் நீளத்தைக்கூட விரலால் காட்டினேன்.

"மிகவும் அழகான ஏற்பாடு. அப்படியானால் ஒரு பிரச்சினையும் இல்லையே" என்றார் துரை.

பேனாவை மறுபடியும் மையில் தோய்த்தார். என்ன சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சார், அது கதியில்லாதவர்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். "இவனும் அப்படித்தானே?" என்று எழுதிக்கொண்டே சொன்னார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். சட்டத்தையும் மீறவில்லை, யார் மதத்தையும் புண்படுத்தவில்லை. அப்படி ஒரு நாள் அவருக்கு வாய்ப்பது அபூர்வம்.

உத்தரவு இப்படி இருந்தது. பரோல் தேவையில்லை. தகப்பன் இறந்தால், மனுதாரர் குறிப்பிடும் ஓர் ஆள் ஜெயிலுக்கு வந்து, ஜெயிலர் முன்னிலையில் கைதியின் கையிலிருந்து ஒரு புல் பெற்றுச் செல்லலாம். அடியில், 'உதவியாளர் மஹாதேவன் தெரிவித்த விவரப்படி' என்று ஒரு வரி. இனி இம்மாதிரி மனு எது வந்தாலும் இந்த உத்தரவை இணைத்து அனுப்ப வேண்டும் என்று மூலையில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். என் விஷயத்தில் பூசாரி வேண்டுமென்று செய்யவில்லை. தனக்கு மந்திரம் தெரியும் என்று காட்டிக்கொண்டான், அவ்வளவுதான்.

பக்கத்து மேஜை நிபாரண் பாபு உத்தரவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏ கீ கொர்லேன், மொஷாய்?" என்றார். என்ன காரியம் செய்துவிட்டீர் ஐயா என்று அர்த்தம். "இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் உமக்கு என்ன குறைந்துவிடும்?"

வீட்டில் நாகலக்ஷ்மி அவ்வளவு மரியாதை வைக்கவில்லை. "வாயை வெச்சுண்டு சும்மா இருக்கத் தெரியலையா உங்களுக்கு? அந்த மாமி மழையில நனைஞ்சுண்டு வந்தா. அவ தலையில மண்ணை வாரிப் போட்டுட்டு வந்து நிக்கறேளே" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று பழமொழி. இந்த நுணல் கெடவில்லை. சுகமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது. வேறு யாரோ கெட்டார்கள்.

உத்தரவின் நகல் கிடர்பூருக்குப் போன மூன்றாம் நாள், பாலசுப்ரமணியன் என்பவர் ஆபீஸ் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். பெஹாலாவில் இருப்பவர், வைத்தீஸ்வரனுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"மன்னி சொல்லி அனுப்பிச்சா. புல் வாங்கிக்கறதுக்கு உங்க பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்காளாம்."

எனக்குப் புரியவில்லை. "நீங்க தாயாதி ஆச்சே. நீங்க பண்றதுதானே முறை?"

"நானும் அதைத்தான் சொன்னேன். கேக்க மாட்டேங்கறா. 'அவர்தான் பண்ணணும்'னு ஒரே பிடிவாதம். உங்ககிட்ட அவ்வளவு மரியாதை போலிருக்கு" என்றார்.

என் அப்பா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது, ஆகவே தகப்பன் உள்ளவனுக்கு இருக்கிற தடை எனக்கு இல்லை. சரி என்றேன். மாமிக்கு விவரம் தெரியாது, உதவி செய்தவன் என்று நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

நகல் போன ஒன்பதாம் நாள் விடியற்காலையில் வைத்தீஸ்வரன் போய்விட்டார். காலை எட்டு மணிக்கு ஆள் வந்தது. நான் ஸ்நானம் பண்ணிவிட்டு, காளிகாட் கடைத்தெருவில் நல்ல தர்ப்பையாக ஒன்று பொறுக்கி வாங்கி, ஜெயில் வாசலில் போய் நின்றேன். கதவு திறக்கவே பத்தரை ஆயிற்று. அங்கே கிடர்பூரில் சவத்தைப் போட்டுக்கொண்டு ஒரு புல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

ஜெயிலர் உத்தரவை இரண்டு தடவை படித்தார். புல்லை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே குழலாக இருக்கிறதா, சுருட்டிய காகிதம் ஏதாவது போகுமா என்று நகத்தால் அழுத்திப் பார்த்தார். "முனை கூராக இருக்கிறதே, நறுக்கிவிடட்டுமா?" என்றார். நுனி போனால் தர்ப்பை தர்ப்பையே இல்லை என்று கெஞ்சினேன். வாசல் புஸ்தகத்தில் 'புல், காய்ந்தது, ஒன்று, உள்ளே' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வெளியே போகும்போது இன்னொரு கையெழுத்து என்றார்.

வெங்கடராமனை அழைத்து வந்தார்கள். இருபத்திரண்டு வயது என்று யாரும் சொல்ல முடியாது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "மாமா!" என்று சிரித்தான். எட்டு மாதத்தில் தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்த சிரிப்பு. பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தான்.

சிரிப்பு நின்றது. "யாரு மாமா?" என்றான். "அப்பாவா, அம்மாவா?"

நான் இதற்குத் தயாராக வரவில்லை. அவனுக்கு ஒன்றுமே தெரியாது. வீட்டிலிருந்து போன கடிதங்களெல்லாம் தணிக்கைக்காரன் மேஜையில் கிடந்திருக்கின்றன. தகப்பனுக்கு உடம்பு சரியில்லை என்பதே அவனுக்குத் தெரியாது. சர்க்கார் உத்தரவில் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருந்தது. இதை யார் சொல்வது என்பதற்கு மட்டும் இல்லை.

"அப்பா" என்றேன். "இன்னிக்கு விடியக்காலம்."

"என்னைக் கேட்டாரா?"

"கேட்டார்."

"விட மாட்டேன்னுட்டாளா?"

ஜெயிலர் கடிகாரத்தைப் பார்த்தார். இங்கிலீஷில் பேச வேண்டும் என்றார். நான் பேசவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். விடமாட்டேன் என்றது யார் என்று அந்த ஆட்டலில் இல்லை.

பையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூணலை இடம் பண்ணிக்கணுமா மாமா?" என்று கேட்டான். பண்ணிக்கொள் என்றேன். மாற்றிப் போட்டுக்கொண்டு, தெற்கு எந்தப் பக்கம் என்று கேட்டான். அந்த அறையில் ஜன்னல் இல்லை, எனக்கும் தெரியவில்லை. ஜெயிலரைக் கேட்டோம். அவர் விரலை நீட்டினார். அந்தப் பக்கம் பார்த்து நின்று, கோத்திரம் சொல்லி, தகப்பன் பெயர் சொல்லி, "எனக்குப் பதிலா நீங்க பண்ணுங்கோ" என்று புல்லை என் கையில் வைத்தான். அவன் விரல் என் உள்ளங்கையில் பட்டது. ஜுரக்காரன் கைபோல் சுட்டது.

"அம்மாவைப் பாத்துக்கோங்கோ" என்றான். கூட்டிப் போய்விட்டார்கள். 'புல், காய்ந்தது, ஒன்று, வெளியே' என்று எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

கொள்ளி வைத்தேன். தலையைச் சிரைத்துக்கொண்டேன். பத்து நாளும் காலையில் கரைக்குப் போய்க் காரியம் செய்தேன். லீவு கேட்டதற்கு, இறந்தவர் உத்தியோகஸ்தரின் தகப்பனோ தாயோ மனைவியோ மக்களோ இல்லையென்பதால் விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. ஆகவே காலையில் எள்ளும் ஜலமும், மத்தியானம் காகிதமும் பேனாவும். நிபாரண் பாபு என் காலை வேலையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டார். துரை ஒரு நாள் என் மொட்டைத் தலையைப் பார்த்துத் திடுக்கிட்டு, "உன் தகப்பனார் இறந்துவிட்டாரா?" என்று கேட்டார்.

"என் தகப்பனார் இல்லை சார். கைதியின் தகப்பனார்."

"ஓ, அந்தப் புல்! ஏற்பாடு நன்றாக நடக்கிறதா?" என்றார்.

நடக்கிறது என்றேன்.

பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்து, வந்திருந்த நாலு பேரும் போன பிறகு, கூடத்தில் நானும் மாமியும் மட்டும் இருந்தோம். இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவனை விடறதாத்தான் இருந்தா. துரை கையெழுத்துப் போட இருந்தார். நான்தான்..."

"தெரியும்" என்றாள் மாமி.

மாமி தூணில் சாய்ந்துகொண்டாள்.

"எதிர்த்தாத்து வக்கீல் பாபுதான் அந்த உத்தரவைப் படிச்சு அர்த்தம் சொன்னார். கடைசியில உங்க பேர் போட்டிருக்கு, இவர் சொன்னதை வெச்சுத்தான் வேண்டாம்னுட்டான்னார். ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன்."

"தெரிஞ்சுமா என் பேரைக் குடுத்தேள்?"

"தெரிஞ்சதனாலதான் குடுத்தேன். பாலு பண்றேன்னான். அவன் ஏன் பண்ணணும்? அவன் ஒரு பாவமும் பண்ணலையே. என் பிள்ளையை வரவிடாம பண்ணினது யாரோ, அவர்தான் அவன் இடத்துல நின்னு பண்ணணும். பத்து நாள் அந்தப் புகையில நிக்கணும்." குரல் உயரவில்லை. "நீங்க நன்னாப் பண்ணினேள். குறை சொல்ல மாட்டேன். மாசாமாசம் வர மாசிகம் எல்லாத்துக்கும் வந்துடுங்கோ. அவன் வரவரைக்கும் உங்களுதுதான்."

அன்று கிடர்பூரிலிருந்து டிராமில் திரும்பும்போது, மைதானத்தைத் தாண்டும் வரைக்கும் எனக்குக் கண் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். எனக்குத் தகப்பன் போன துக்கம் என்று நினைத்திருப்பார்.

ஆபீஸில் என் புல் முளைத்துப் பரவியது. மைமன்சிங்கிலிருந்து ஒரு மனு, டாக்காவிலிருந்து ஒரு மனு. இரண்டுக்கும் அந்த உத்தரவை இணைத்துத் தள்ளுபடி செய்தார்கள். அனுப்பியவன் நான்தான். டாக்காத் தாய் யாரையோ கொண்டு பதில் எழுதியிருந்தாள். 'எந்தப் புல் என்று தெரியவில்லை. தயவுசெய்து பெயர் எழுதினால் தேடி அனுப்புகிறேன். அதைக் கொடுத்தால் பிள்ளையை விடுவீர்களா?' என்று. அதை நிபாரண் பாபுவிடம் காட்டினேன். படித்துவிட்டு நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பூஜை விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னால் ஸ்ரீராம்பூரிலிருந்து ஒரு மனு வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், க்ஷயம் முற்றிவிட்டது. ஒரே மகன் கல்கத்தா ஜெயிலில். சர்ஜன், போலீஸ் இரண்டும் சாதகம். நான் அந்தப் பழைய உத்தரவை இணைக்காமலே கொண்டுபோய் வைத்தேன்.

துரைக்கு ஞாபகம் இருந்தது. அன்று வெகு சோர்வாக இருந்தார். தம்பியிடமிருந்து மூன்று வாரமாகத் தபால் இல்லை. "புல் குறிப்பு எங்கே?" என்றார்.

"இவர்களுக்கு அது பொருந்தாது சார்."

"ஏன்?"

"அது மெட்ராஸ்காரர்களுக்கு மட்டும் உள்ள வழக்கம். வங்காளிகளுக்குக் கிடையாது."

பொய். ஆனால் என் வாழ்நாளில் இவ்வளவு நிதானமாக நான் எதையும் சொன்னதில்லை. துரை நிமிர்ந்து பார்த்தார். "முன்னமே ஏன் சொல்லவில்லை? இரண்டு மனுவை அனுப்பிவிட்டோமே" என்றார். மணியை அடித்து நிபாரண் பாபுவைக் கூப்பிட்டார். நிபாரண் பாபுவிடம் நான் முன்கூட்டி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அவர் குலின பிராமணர், வங்காளத்தில் ஆசாரத்துக்குப் பேர்போன குலம்; அவர் வீட்டில் நடக்காத வைதிகக் காரியம் இல்லை.

"நிபாரண், தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை உங்கள் ஜனங்களில் மகனுக்குப் பதில் வேறு யாராவது புல் வாங்கிச் செய்வதுண்டா?"

நிபாரண் பாபு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புல்லா சார்?" என்றார், அப்படி ஒரு வஸ்துவை உலகத்திலேயே கேள்விப்படாதவர்போல். "இல்லவே இல்லை. மகன்தான் செய்ய வேண்டும்."

வெளியே வந்ததும் என் காதோடு, "என் பெரியப்பாவுக்கு நான்தான் பிரதிநிதியாகச் செய்தேன்" என்று சொல்லிவிட்டுத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

துரை கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பழைய குறிப்பை எடுத்துவரச் சொல்லி, அதன் மேல் 'மெட்ராஸ் கைதிகளுக்கு மட்டும்' என்று தன் கையாலேயே திருத்தினார். எங்கள் காகிதங்களில் மெட்ராஸ் கைதி ஒரே ஒருவன். அந்த வரி காயும் வரைக்கும் நான் உறிஞ்சுதாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அடுத்த மாசிகத்துக்குக் கிடர்பூர் போனேன். சாஸ்திரிகள் வர நேரமாகும் என்றார்கள். மாமி வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் காரியத்திலோ பிறகோ அவள் என்னிடம் வேண்டாத வார்த்தை ஒன்று பேசியதில்லை. நானும் பேசுவதில்லை. அன்று மட்டும் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஸ்ரீராம்பூர் மனுவைச் சொன்னேன், நானும் நிபாரண் பாபுவும் சேர்ந்து சொன்ன பொய்யைச் சொன்னேன். துரை குறிப்பில் எழுதிச் சேர்த்ததையும் மறைக்கவில்லை.

அவள் கை நின்றது.

"அந்தப் பையன் போய்ச் சேந்தப்போ அப்பா இருந்தாரா?"

"இருந்தார் மாமி. ரெண்டு நாள் இருந்தாராம். பேசினாராம்."

"பேசினாரா" என்றாள். துடைத்த இலையையே மறுபடியும் துடைத்தாள். "என்ன பேசினாராம்?"

"அது தெரியலை."

தலையை ஆட்டிக்கொண்டாள். இலையைக் கையில் வைத்துக்கொண்டே, "அப்போ நான் போறச்சேயும் இவனை விட மாட்டா" என்றாள். "மெட்ராஸ்காரான்னு எழுதிப்பிட்டானே."

அதை அவள் அவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்வாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. துரை எழுதியபோதே எனக்குத் தெரிந்த விஷயம் அது.

"சரி" என்றாள் மாமி. "எனக்கும் நீங்கதான் புல் வாங்கணும்."

கணவர் போன அன்றுகூட என் எதிரில் அழாதவள், இலையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். சாஸ்திரிகள் வாசலில் குடையை உதறுகிற சத்தம் கேட்டது. நான் தர்ப்பைப் பவித்திரத்தை விரலில் மாட்டிக்கொண்டு, தெற்கு பார்த்து உட்கார்ந்தேன்.

"வாங்கிக்கறேன் மாமி" என்றேன்.